டியூப் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது?

பனையிலிருந்து விழுந்தவர், கிணற்றுக்குள் தவறியவர், பைக் விபத்தில் கழுத்து முறிந்தவர் என்று தண்டுவடம் அடிபட்டவர்கள் நம் ஊர்கள்தோறும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிய நாளோடு அரசின் பொறுப்பும் முடிந்ததுபோல நடக்கிறது. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர் டியூப் போடுவது, படுக்கைப் புண்ணைக் கழுவுவது எல்லாம் மனைவியின் தலையிலோ வயதான தாயின் தலையிலோ விழுகின்றன. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. ஒரு புண்ணைக் காட்ட வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், போகிற வழியின் குலுக்கலிலேயே புண் பெரிதாகிறது.

இவர்களைவிடத் தொலை மருத்துவம் தேவைப்படுபவர்கள் யார்? மத்திய அரசு தொலை மருத்துவ நெறிமுறையை 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அடுத்த மாதமே வீட்டிலிருந்தபடி டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி சேவை வந்தது. ஆனால் அந்த வரிசையில் காத்திருப்பவருக்குத் தண்டுவட பாதிப்பு தெரிந்த மருத்துவர்தான் திரையில் வருவார் என்ற உறுதி இன்றுவரை இல்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும் போட்ட வரிசையில் இவர்களையும் நிறுத்தியிருப்பதைக் கண்டிக்கிறோம்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேல் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாகவே 90, 100 என்றுதான் இருக்கும். டியூப் மடங்கிச் சிறுநீர்ப்பை நிறைந்தால், அவருக்கு அது உணர்வாகவே தெரியாது. தலை பிளக்கும், முகம் வியர்க்கும், அழுத்தம் மளமளவென்று ஏறும். அப்போது 140 என்று காட்டினால், விவரம் அறியாத டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை என்று தலைவலி மாத்திரை எழுதிவிடுவார். விவரம் அறிந்தவரோ, முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூபைப் பாருங்கள் என்பார். அந்த ஒரு வாக்கியம் நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். அதைச் சொல்ல ஒரு போன் போதும்.

சொல்லத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. அங்குள்ள அனுபவத்தைக் கிராமத்துக் கட்டில்வரை கொண்டுசேர்க்காதது சுகாதாரத் துறையின் தவறு. மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டருகே சிகிச்சை என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்வது யாருக்காக?

இ-சஞ்சீவனிக்குள் நுழைய விரல் மடங்காதவரிடம் ஓடிபி கேட்பது இன்னொரு கொடுமை. டிஜிட்டல் சேவைகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே போகிறது. டயாலிசிஸ் பைகளை வீட்டில் கொடுக்க முடிந்த அரசு, சிறுநீர் டியூபையும் அதே கையால் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் புண்ணைக் கேமராவில் காட்ட, மறுமுனையில் மறுவாழ்வு மருத்துவர், முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர், இருக்க வேண்டும். இரவிலும் எடுக்கப்படும் ஒரு தனி எண் வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. எந்தத் தேதியிலிருந்து அந்த எண் ஒலிக்கும் என்பதைச் சுகாதாரத் துறை எழுத்தில் அறிவிக்கட்டும்.