மண்டபத்துப் புலிகள்

சென்ற மாதம் செங்கற்பட்டிலிருந்து மாணவர் சிலரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். திருக்கழுக்குன்றம் தாண்டி, வழியில் ஒரு பழைய கல் மண்டபத்தில் இளைப்பாறினோம். கட்டுச்சாதத்தை அவிழ்க்கும் சமயத்தில் ஒரு பையன், "ஸார், தரையில் யாரோ கோபுரம் கீறியிருக்கிறார்கள்!" என்று கூவினான். போய்ப் பார்த்தேன். கோபுரம் அன்று, ஆடு புலி ஆட்டம்!

நேயர்களில் முதியோருக்கு விளக்க வேண்டுவதில்லை. இளையோருக்காகச் சொல்கிறேன். கோடுகள் கூடும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஒருவர் புலியாவார், மற்றவர் ஆடாவார். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்கலாம். பதினைந்தும் இறங்கும்வரை அவை நகரலாகாது. புலியோ, பக்கத்து ஆட்டுக்கு அப்பால் இடம் காலியாயிருந்தால், தாண்டிக் குதித்து அதைத் தின்றுவிடும். ஆட்டுக்கு அந்த உரிமை இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைத்துவிட்டால் வெற்றி அவற்றுக்கே.

"எத்தனை ஆடு போனால் புலிக்கு ஜயம், ஸார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் விழித்தேன். ஊருக்கு ஊர் மாறும் கணக்கு அது. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாக்கி, என்னை நூறு முறை தோற்கடித்த என் பாட்டிக்கு எங்கள் ஊர்க் கணக்குத் தெரியும். கேட்டு எழுதிவைக்க எனக்குத் தோன்றவில்லை. பாட்டி போனாள், பின்னர் திண்ணையும் போயிற்று.

எழுதி வைத்திருந்தால் மட்டும் போதுமா? 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றொரு மேஜை ஆட்டம் வெளிவந்தது. ஆடுவோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்றுக் கதை வளர்ப்பார்கள். அது இன்றும் வாழ்கிறது. அதைப் பின்பற்றி வந்த எத்தனையோ ஆட்டங்கள், தடித்த விதிப் புத்தகங்கள் இருந்தும், மறைந்துபோயின. கூடி உட்கார நாலு பேர் இல்லையென்றால் புத்தகம் என்ன செய்யும்? கல்தான் என்ன செய்யும்?

அன்று நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: ஐந்து ஆடு போனால் புலி வென்றது. பிள்ளைகள் கூழாங்கற்களைப் பொறுக்கி வந்தார்கள். மாமல்லபுரம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ரதங்களை அவசரமாகத்தான் பார்த்தோம். எனக்கு வருத்தமில்லை. ரதங்கள் 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. அடுத்த மாதமும் நிற்கும். பாட்டிமார் அப்படியல்லவே! வீட்டில் பாட்டியுள்ள நேயர்கள் இன்றிரவே அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடி, அந்தக் கணக்கைக் கேட்டு வைப்பார்களாக.