பதினைந்துக்கு முன் முத்திரை வேண்டாம்

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் அக்கராயன். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் அவ்வூரை வெறுமையாக்கிற்று. கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தோருள் உயிர் எஞ்சியவர்கள் செட்டிக்குளத்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, அதன் பின்னரே ஊர் மீண்டனர். அன்று 13, 14 வயதிலிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குரிய பருவமே இல்லாமற் போயிற்று. மீள்குடியேற்றத்தின் பின் பிறந்தவர்கள் இன்று அதே வயதை எட்டியிருக்கிறார்கள். எனவே பாடசாலைத் துடுப்பாட்டத்தில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தைக் குறித்துப் பேச வேண்டிய வேளை இதுவென்று கருதுகிறோம்.

பன்னிரண்டு வயதில் நெடுநெடுவென வளர்ந்தவன் வேகப்பந்து வீச்சாளன். சொந்தமாக மட்டை வைத்திருப்பவன் தொடக்கத் துடுப்பாட்ட வீரன். ஓடத் தயங்குபவன் விக்கெட் காப்பாளன். இவ்வாறு பகுத்து நிறுத்திவிட்டால், பத்தொன்பது வயதுப் பிரிவு வரை அந்தப் பெயர் அவர்களை விட்டு நீங்குவதில்லை. நகர்ப்புறக் கல்லூரிகளில் வெற்றிக்கான அவசரம் இதற்குக் காரணமாகலாம். வன்னியில் காரணம் வறுமையே. மென்பந்து ஆடுவதற்கு ஒரு மட்டை போதும். கடினபந்துக்கோ கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எனப் பெருஞ்செலவு உண்டு. ஓரிரு தொகுதிக் கருவிகளை வைத்துக்கொண்டு இருபது பேரைப் பழக்கும் பொறுப்பாசிரியர் என்ன செய்வார்? நாலைந்து பேர் துடுப்பெடுத்தாடுவர். மற்றவர்கள் பொழுது சாயும்வரை பந்து வீசுவர். ஆற்றல் தீர்மானிக்க வேண்டியதைக் கருவிப் பற்றாக்குறை தீர்மானித்துவிடுகிறது. ஆசிரியர்மீது நாம் குறை கூறவில்லை. ஆயினும் அந்த இருபது பேருள் எவனிடம் எந்தத் திறன் உறங்குகிறது என்பதை எவரும் அறியாமலே அவர்களது பள்ளிப்பருவம் கழிந்துவிடுகிறது.

நம் நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளரின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் சிறுவயதில் மிதவேகப்பந்து வீசியவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், 14 ஆவது வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படியே அவர் சுழற்பந்துக்கு மாறினார். மாறிய பின்னரும் கல்லூரி அணியில் நடுவரிசைத் துடுப்பாட்ட வீரராகவும் ஆடிவந்தார். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010 இல் காலியில் விடைபெற்ற அந்த வீரரை, 12 வயதில் மிதவேகப் பந்துவீச்சாளர் என முத்திரையிட்டு எவரேனும் தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு? தமிழ்நாட்டின் ரவிச்சந்திரன் அஸ்வின் இளையோர் அணிகளில் தொடக்கத் துடுப்பாட்ட வீரராக விளங்கியவர். 537 டெஸ்ட் விக்கெட்டுகளைப் பெற்ற அவரது கையிலிருந்தே 6 சதங்களும் வந்தன. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகவே பெரிதும் கருதப்பட்டு அணிக்குள் வந்த சனத் ஜயசூரிய, 1996 உலகக் கிண்ணத்தில் தொடரின் சிறந்த வீரரானது துடுப்பாட்டத்தின் போக்கையே மாற்றிய தொடக்க வீரராக நின்றுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பும் ஆகும். கொழும்புச் சிறுவனைத் தேர்வாளர் பலமுறை பார்ப்பர். அக்கராயன் சிறுவனை ஒரே ஒருமுறை பார்ப்பர், அதுவும் பார்த்தால். அந்த ஒரு நாளில் கண்ணிற் படும்படியான தனித்திறன் வேண்டாமா? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2023 இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணியிலும், 2024 இல் ஐ.பி.எல். தொடரிலும் இடம் தேடித்தந்தது மணிக்கட்டுச் சுழலன்றோ என்பர். உண்மை. மணிக்கட்டுச் சுழல் கைவரப் பல ஆண்டுகள் வேண்டும். அதை இளமையிலேயே தொடங்குவது நன்று. ஆனால் ஒரு திறனை முன்கூட்டித் தொடங்குவது வேறு. ஏனைய திறன்களின் கதவை அடைப்பது வேறு. முன்னையதை நாம் வரவேற்கிறோம். பின்னையதையே மறுக்கிறோம். காலம் கடந்தது என்று அஞ்சவும் வேண்டியதில்லை. ரத்கமவில் மென்பந்து ஆடித் திரிந்த லசித் மாலிங்க, பதின்பருவத்தின் பிற்பகுதியிலேயே முறையான கடினபந்துப் பயிற்சிக்கு வந்தவர்.

வேகப்பந்து வீச்சைப் பொறுத்தவரை இது எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உடல்நலத்தைப் பற்றிய கேள்வியுமாகும். வளரும் பிள்ளையின் முதுகெலும்பு முற்றி இறுகுவதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகும். பந்தை விடும் கணத்தில் இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு வளைந்து முறுக்குண்கிறது. ஓய்வின்றி இது தொடர்ந்தால் அங்குள்ள எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. பதின்பருவ வேகப்பந்து வீச்சாளரிடையே இக்காயம் மிகுதி. 13 வயதுக்குட்பட்டவர் ஒரே மூச்சில் 5 ஓவருக்கும் நாளொன்றில் 10 ஓவருக்கும் மேல் வேகப்பந்து வீசலாகாது என்பது இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நெடுங்காலமாகப் பேணிவந்த நெறி. நம் மைதானங்களில் அந்த எண்ணிக்கையைக் குறித்துவைப்பவர் எத்தனை பேர்? போட்டியில் வீசுவது மட்டும் கணக்கன்று. பயிற்சியில் வீசுவதும், வீட்டுக்குப் போய் வயலில் குனிந்து செய்யும் வேலையும் அதே முதுகின்மீதுதான் விழுகின்றன. கீழ்முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், எண்ணெய் தடவி மறுநாள் மீண்டும் பந்தைக் கையில் கொடுப்பது பெரும் பிழை.

எந்த வயதில் தெரிவு செய்வது? பிள்ளைகளை ஒரே விளையாட்டுக்குள் அடைப்பதை 15, 16 வயது வரை தள்ளிவைக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016 இல் அறிவுறுத்தியது. அது விளையாட்டைத் தெரிவதற்குச் சொன்னது. விளையாட்டுக்குள் ஒரு பணியைத் தெரிவதற்கும் அவ்வயதே பொருந்தும் என்பது எமது கருத்து. உயரமும் தோள்வலிமையும் கையின் நீளமும் அதற்கு முன் நிலைகொள்வதில்லை. 12 வயதில் எல்லோரினும் உயர்ந்து நின்றவன் 16 வயதில் நடுத்தர உயரத்தினனாக நிற்பதைக் காண்கிறோம்.

யாழ்ப்பாணத்தின் வாயிலில், மண்டைதீவில், சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மகிழ்கிறோம். அங்கு ஆடப் போகிறவர்களுள் வன்னிப் பிள்ளைகளும் இருக்க வேண்டுமானால், வடமாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகங்களும் இப்போதே செய்ய வேண்டியவை உள்ளன. 15 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் ஆகக் குறைந்தது எட்டுப் பேராவது பந்து வீச வேண்டும் என விதி வகுக்கலாம். துடுப்பாட்ட வரிசையைப் போட்டிக்குப் போட்டி மாற்றுமாறு பணிக்கலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. பணம் தேவைப்படுவது கருவிகளுக்கு. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் பழைய மாணவர்கள் வெற்றிக் கேடயத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை, அக்கராயன் போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு இன்னும் இரண்டு தொகுதிக் கால்காப்பும் கையுறையும் மட்டையும் வாங்க ஒதுக்குவார்களாக.