அன்றே வீடு திரும்பும் குழந்தையும் பெற்றோரின் திருப்தியும்

காலையில் அறுவைச் சிகிச்சை செய்து, மாலையிலேயே குழந்தையைத் தாயுடன் வீட்டிற்கு அனுப்பிவிடும் முறை புதியதென்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில், ஜேம்ஸ் நிக்கல் என்னும் அறுவை மருத்துவர் பத்தாண்டுக் காலத்தில் இவ்வாறு 8,988 சிகிச்சைகளைச் செய்து, 1909ஆம் ஆண்டில் அவ்விவரத்தை வெளியிட்டார். பாலுண்ணும் குழந்தையைத் தாயினின்றும் பிரித்தல் தீது என்பது அவர் கொள்கை. எனினும் அவர் குழந்தையை அனுப்பியதோடு நிற்கவில்லை. செவிலியர் வீடு தேடிச் சென்று காயத்தைக் கவனித்தனர். நாம் அவருடைய முறையின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோமோ என்பதே என் ஐயம்.

குடலிறக்கம், ஓதம், இறங்காத விரை ஆகியவற்றுக்கான சிகிச்சைகள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை. சிகிச்சை முடிந்து புறப்படும் பெற்றோரிடம் 'திருப்திதானா?' என்று கேட்கின்றனர். அவர்களும் ஆம் என்கின்றனர். குழந்தையின் உயிரைக் காத்தவர் நேரில் நின்று கேட்கும்போது வேறு விடை கூறுவார் யார்? வாயிலில் பெறும் இவ்விடையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக 40 கிலோமீட்டருக்கு மேல் சென்றால், பொன்முடி மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ளது கல்லாறு. இதனைச் சூழ்ந்த காட்டுப் பகுதியில் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. இவ்வூர்க் குழந்தையொன்றுக்கு நகரத்தில் காலை பத்து மணிக்குக் குடலிறக்கச் சிகிச்சை நடைபெறுவதாகக் கொள்வோம். வலி தெரியாதிருக்க முதுகின் அடிப்பகுதியில் செலுத்தப்பெறும் மரப்பு மருந்து, பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரமே வேலை செய்யும். ஆகவே, வாயிலில் அமைதியாக உறங்கிய குழந்தை, பேருந்திலோ வீட்டு வாசலிலோ வீறிட்டு அழத் தொடங்குகிறது. தையல் பிரிந்துவிட்டதோ என்று தாய் அஞ்சுகிறாள். மருந்து மிகுந்தால் கெடுதி என்றெண்ணி, அழுகை பொறுக்க முடியாதபோதே பாரசிட்டமால் கொடுக்கிறாள். முதலிரண்டு நாட்கள், எடைக்கேற்ப மருத்துவர் குறித்த அளவை, அழுகைக்குக் காத்திராமல் நேரப்படி கொடுத்தல் வேண்டும் என்பதை முன்னரே விளங்கச் சொல்லியிருந்தால் அவ்விரவு வேறாக இருந்திருக்கும். பெற்றோரின் திருப்தி நிர்ணயமாவது அந்த இரவில்தான்.

பட்டினி பற்றிய அறிவுரையும் அத்தகையதே. உணவுக்கு 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தெளிந்த நீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும். 'இரவு முதல் ஒன்றும் கொடாதீர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சொல்பவருக்கு எளிது. விடியுமுன் கல்லாற்றிலிருந்து புறப்படும் குழந்தைக்கோ அது வீண் தாகம்.

களப்பணியாளர்கள் மறுநாளும் மூன்றாம் நாளும் அவ்வீட்டிற்குச் சென்று, திருப்தியைக் கேளாமல், நடந்ததைக் கேட்க வேண்டுகிறேன்: எத்தனை வேளை மருந்து கொடுத்தீர்கள்? குழந்தை சிறுநீர் கழித்ததா? இரவில் யாரை அழைக்க முடிந்தது? காயத்துணி இரத்தத்தில் நனைந்தாலும், வாந்தி நில்லாதிருந்தாலும், விதுரா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். செய்த சிகிச்சையைக் குறிக்கும் சீட்டு தாயிடம் இல்லையேல் அங்குள்ள மருத்துவர் என்ன செய்வார்? ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: குழந்தை வகுப்பிற்குத் திரும்பியதும் விளையாட்டுத் திடலுக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம், எத்தனை நாள் ஓய்வு என்பது அதே சீட்டில் இருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த சிறு சிசுக்களை, மயக்கத்திற்குப்பின் மூச்சு தடைப்படக்கூடுமாதலின், இரவு முழுதும் மருத்துவமனையில் வைத்துக் காப்பது வழக்கம். இரவில் வண்டி எட்டாத குடியிருப்பினருக்கும் அச்சலுகை வேண்டும். படுக்கை மிச்சமானதை மருத்துவமனைகள் சிக்கனமாகக் கணக்கிடுகின்றன. அம்மிச்சத்தில் ஒரு பகுதி, கல்லாற்றுத் தாய் கொடுக்கும் வண்டிக் கூலிக்குச் செல்லுதல் முறையாகும்.