விசிட் விசாவில் தொடங்கும் பொய்

 

"விசா மாற்றுவதற்காகக் கீஷ் தீவுக்கு வந்திருக்கிறேன். நாளை கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்றே நாள்கள் கழிகின்றன. தொழுகையைச் சுருக்கித் தொழலாமா?" வளைகுடாவில் காலம் கழித்த நம் மூத்த சபுராளிகளுக்கு இத்தகைய கேள்வி புதிதன்று. மார்க்கச் சட்டத்தில் இதற்கு விடையும் உண்டு. புறப்படும் நாள் உறுதியாகத் தெரியாதவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி 18 நாள்கள் வரை சுருக்கித் தொழலாம். ஹனஃபி மத்ஹபின்படி, 15 நாள்கள் தங்கும் எண்ணம் கொள்ளாத வரை சுருக்கியே தொழலாம். ஆனால், அவரை அந்தத் தீவில் கொண்டுபோய் நிறுத்தியது எது என்னும் கேள்வியை நாம் கேட்பதில்லை.

கீஷ், ஈரானுக்குச் சொந்தமான சிறு தீவு. அங்கு நுழைய முன்கூட்டியே விசா பெறத் தேவையில்லை. ஆகவே, அமீரகத்தில் விசிட் விசாவின் காலம் முடிந்தவர்கள் அங்கே பறந்துசென்று, புதிய விசா வரும்வரை காத்திருந்து திரும்புவர். சிலருக்கு ஓரிரு நாளில் விசா வந்தது. சிலர் கையிலிருந்த காசு தீர்ந்து, வாரக்கணக்கில் தவித்தனர். 2004 பிப்ரவரி 10 அன்று கீஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் தரையிறங்கும் வேளையில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 46 பேரில் 43 பேர் இறந்தனர். விசா மாற்றச் சென்று திரும்பிய தொழிலாளர்களும் அதில் பயணித்தனர். இன்று, அண்டை நாட்டு விமான நிலையம்வரை சென்று, புதிய விசாவுடன் அன்றே திரும்பும் முறை பரவியுள்ளது. வழி மாறியதே தவிர, வழக்கம் மாறவில்லை.

எல்லை கடந்து சென்று திரும்புவதையே குற்றம் என்று நாம் கூறவில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத் துபை சென்ற தாய், இன்னும் ஒரு மாதம் தங்க விரும்பி, முறைப்படி வெளியேறிப் புதிய விசாவில் நுழைந்தால் அதில் பிழையேதும் இல்லை. அவர் எதற்காக வந்தேன் என்றாரோ அதற்காகவே இருக்கிறார். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று கையெழுத்திட்டுவிட்டு, உணவகத்தில் பாத்திரம் துலக்குபவரின் நிலை அதுவன்று. விசா என்பது இரு தரப்பு உடன்படிக்கை. அடைக்கலம் தரும் நாட்டுக்கு நாம் தரும் வாக்கு. அல்மாயிதா அத்தியாயமோ ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. இதை வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

இந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பவர் அந்த இளைஞரே. தொழிலாளர் அட்டை இல்லாததால், சம்பளம் மறுக்கப்பட்டால் முறையிடவும் அவர் அஞ்சுவார். விசா காலம் கடந்தால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் முறைப்படி குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குச் சென்றால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டின் பாதுகாப்பு கிடைக்கும். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். சுற்றுலாப் பயணியாகச் சென்றவருக்கு அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. விசா முடியும்போதெல்லாம் எல்லை தாண்டும் செலவுக்காக ஊரில் தாயின் வளையலும் அடகுக்குப் போகிறது.

"விசிட்டில் போய்த்தானே எத்தனையோ பேர் முன்னேறினார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான். நேர்காணலுக்குச் சென்று, வேலை கிடைத்தபின் முறையான விசாவுக்கு மாறியவர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு. வேலை தேடுவதற்கென்றே அமீரக அரசு 2022 முதல் தனி விசாவும் வழங்குகிறது. ஆனால் அது பட்டதாரிகளுக்கும் திறன் மிக்க பணியாளர்களுக்கும் உரியது. பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. அவனைத்தான், "போய் இறங்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி நாம் விமானம் ஏற்றுகிறோம்.

அப்படிச் சொல்பவர் யார்? பெரும்பாலும் அயலார் அல்லர். அவர் மாமாவாக இருப்பார், மச்சானாக இருப்பார், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவராகவும் இருப்பார். விசிட் விசாவில் வந்தவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளும் கடைக்காரரும் சில வேளைகளில் நம்மவரே. அனுமதியின்றி வேலைக்கு வைப்போருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என அமீரக அரசு 2024இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. அந்த அபராதத்துக்கு அஞ்சுபவர், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலுக்கு அதைவிட அதிகமாக அல்லவா அஞ்ச வேண்டும்?

ஆகவே, எல்லையில் காத்துக் கிடக்கும் இளைஞனைக் குறைகூறுவதை விட்டு, அவனை அனுப்பும் நாம் திருந்த வேண்டும். வேலை ஒப்பந்தத்தைக் கண்ணால் காணாமல் பிள்ளையை அனுப்புவதில்லை எனப் பெற்றோர் உறுதிகொள்ள வேண்டும். வேலைக்கு அழைக்கும் முகவர் இந்திய அரசில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்க, மஹல்லா ஜமாஅத்துகள் படித்த இளைஞர் இருவரை நியமிக்கலாம். அங்கே ஏற்கெனவே சிக்கியிருப்போரின் அபராதத்துக்கும் பயணச்சீட்டுக்கும் பைத்துல்மாலிலிருந்து கைகொடுக்கலாம். ஜும்ஆ மேடைகளில் வட்டியைப் பற்றிப் பேசுவதுபோல் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அவன் அளிப்பதைப் பொய்யான கையெழுத்தின் வழியாகத் தேட வேண்டிய தேவை நமக்கில்லை. நம் பிள்ளைகளின் சபரை நேர்மையானதாகவும், அவர்களின் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.