கிராமத்தின் பொது யந்திரம்

(விவசாய இலாகா ஊழியர் ஒருவர் எழுதியது)

கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் இன்று தபாலாபீஸ், பாங்கி, கூட்டுறவுச் சங்கம், கிராம நிர்வாக அலுவலகம் ஆகிய எல்லா இடங்களிலும் காணப்படுகிறது. ஆயினும் ஓர் ஊரார் யாவரும் தமக்குரியதென்று பாராட்டக்கூடிய பொது யந்திரம் சில கிராமங்களிலேயே நிலைத்து நின்றிருக்கிறது. இதற்குக் காரணம் யந்திரத்தின் குறையன்று. அதை வைத்த இடமும் நடத்திய முறையுமே என்பது என் அபிப்பிராயம்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துக்குப் பொதுஜன உபயோகத்தின் பொருட்டு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். அவர் நல்லெண்ணமுடையவரே. எனினும் குத்தகைக்காரரும் நடவு செய்யும் பெண்களும் அந்தத் திண்ணையைத் தாண்டத் துணியவில்லை. அவ்வருஷம் நெற்பயிரில் குலைநோய் பரவியபோதும் மருந்து விவரம் கேட்க ஒருவரும் அங்கு செல்லவில்லை. மறுவருஷம் நான் சென்று பார்க்கையில், யந்திரம் துணியால் மூடப்பட்டு, அதன்மேல் விதைப்பை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்குச் சம்மதித்தவர்களில் நானும் ஒருவனாதலால், பிழையில் எனக்கும் பங்குண்டு.

இதற்கு மாறான உதாரணம் புதுச்சேரிப் பிரதேசத்தில் உண்டு. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ம் வருஷம் அங்கே கிராம அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூரில் செய்திகளைச் சேகரித்துத் தமிழாக்கி, கம்பியில்லா முறையில் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரம் தவறும் வேளைக்குச் சூரிய ஒளி மின்தகடுகள் உதவின. நிறுவனம் யந்திரங்களைக் கொடுத்தது. இடம் கொடுப்பது ஊராரின் பொறுப்பு. அவ்விடம் ஜாதி வித்தியாசமின்றி எல்லோரும் நுழையக்கூடியதாயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலம் கிராமத்தில் பழைய கோவிற் கட்டிடத்தின் ஒரு பகுதியையே மையத்துக்கு விட்டனர். பூஜை நடக்கும் வாசலில் சிலருக்குத் தடை இருந்த காலத்திலும், மையத்தின் வாசலில் எவருக்கும் தடையில்லை. அதை நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்களே.

வீராம்பட்டினத்துச் செம்படவருக்கு வேண்டியது சந்தை விலை மட்டுமன்று, கடலலையின் உயரமும் ஆகும். அதை அறிந்து, அமெரிக்கக் கடற்படையார் வெளியிடும் அலைக் கணிப்பைத் தினந்தோறும் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தனர். படிக்கத் தெரியாதவரும் பயனடைந்தனர். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் மூலம் எச்சரிக்கை கிடைத்த நல்லவாடு கிராமத்தார், மையத்தின் ஒலிபெருக்கியைக்கொண்டே ஊரை எழுப்பி உயிர்களைக் காத்தனர். அன்றாடம் பழகிய கருவியே ஆபத்தில் கைகொடுக்கும்.

“ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கையில் பொது யந்திரம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கைபேசி உலகச் செய்தியைத் தரும். நம் ஏரியின் மூன்றாம் மதகு எந்த வருஷம் பழுதுபார்க்கப்பட்டது என்பதைத் தராது. அன்றியும் அதில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று தனித்திருப்பவர் நிச்சயிப்பது கடினம். நாலுபேர் கூடுமிடத்தில் ஒருவர் வாசிக்க, அனுபவசாலி ஒருவர் ஆமோதிக்கவோ மறுக்கவோ செய்தால், அதுவே சிறந்த பள்ளிக்கூடம்.

இனி, வெளியிலிருந்து பெறுவது பாதி. நம்மிடமுள்ளதைக் காப்பது மறுபாதி. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-ம் வருஷம் நீங்கியது. பழைய ஏரிக் கணக்கு, நீர்ப்பங்கீட்டு முறி, குடிமராமத்துக் குறிப்பு முதலியவை இன்றும் சில வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. களர் நிலத்துக்கேற்ற நெல் எது, அதை எப்பட்டத்தில் விதைப்பது என்பன முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியால், தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளின் பழைய தீர்ப்பேடுகளைத் தேடிப் படம்பிடித்திருக்கிறார்கள். அந்நூலகத் திட்டத்தில் மூலப்பிரதிகள் நாட்டைவிட்டு வெளியே செல்வதில்லை. ஆகவே, பத்திரம் கைவிட்டுப் போகும் என்ற பயம் வேண்டியதில்லை.

ஆதலால் நிலச்சுவான்தார்களையும் கிராமாதிகாரிகளையும் மூன்று விஷயங்கள் வேண்டிக்கொள்கிறேன்:

1. பொது யந்திரத்தைத் தனியார் வீட்டில் வைக்கலாகாது. எத்தெருவாரும் கூசாமல் வரத்தக்க பொதுக் கட்டிடத்தில் வைக்கவேண்டும்.

2. அதை நடத்த, கிராமத்திலேயே தங்கியிருக்கக்கூடிய படித்த பெண்கள் இருவரைப் பழக்கி, அவர்களுக்குச் சிறு ஊதியமும் கொடுக்கவேண்டும்.

3. தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பழைய கணக்குகளைப் படம்பிடிக்க ஒருநாள் இடங்கொடுக்கவேண்டும்.

இவற்றில் முதலாவதே கடினமானது. பணத்தால் அன்று, மனத்தால். ஏரி பொது, மந்தைவெளி பொது, களம் பொது என்று முன்னோர் வகுத்த ஊரில் அறிவு மட்டும் ஒரு கூடத்துக்குள் அடைபடுதல் தகாது. மேற்சொன்ன கிராமத்துப் பெரியவரிடம் சென்ற மாதம் இதை எடுத்துரைத்தேன். யந்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சம்மதித்திருக்கிறார். மற்ற ஊராரும் காலதாமதமின்றி முன்வருவார்களாக.