கரண்ட் எங்கிருந்து வருது? கணக்கு மக்கள் கையில இருக்கணும்!

புதுச்சேரி மக்களே, தோழர்களே!

நேரு வீதிக் கடையில எரியற விளக்குக்கும், லாஸ்பேட்டை வீட்டுல சுத்துற ஃபேனுக்கும், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஓடுற மெஷினுக்கும் கரண்ட் எங்கிருந்து வருது? கேட்டா பலரும் "மின்துறையிலிருந்து" என்றுதான் சொல்வாங்க. ஆனா மின்துறை கரண்டை உற்பத்தி செய்யறது இல்ல. வெளியில வாங்கி நமக்கு விக்குது.

புதுச்சேரி அரசுக்குச் சொந்தமான மின் நிலையம் ஒண்ணே ஒண்ணுதான். காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் இருக்கு. 1993-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பவர் கார்ப்பரேஷன் அதை நடத்துகிறது. 2000-ம் ஆண்டிலிருந்து இயற்கை எரிவாயுவில் ஓடும் அந்த நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். அந்த மின்சாரம் காரைக்காலுக்கே போய்விடுகிறது.

நம் யூனியன் பிரதேசத்தின் உச்சத் தேவையோ ஏறத்தாழ 500 மெகாவாட். மிச்சம் எல்லாம் விலைக்கு வாங்குவதுதான். நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், வள்ளூர், தூத்துக்குடி, தெலங்கானாவின் ராமகுண்டம், ஆந்திராவின் சிம்மாத்ரி, ஒடிசாவின் தால்ச்சர் எனப் பட்டியல் நீளும். மாஹேக்கு கேரள மின்வாரியத்திடம் வாங்குகிறோம். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகு ஒன்றில் நமக்கு ஒதுக்கப்பட்ட பங்கு 33.5 மெகாவாட். அதாவது, அந்த ஒரு அலகில் நமக்குக் கிடைக்கும் துண்டு, நம் சொந்த நிலையம் முழுவதையும் விடப் பெரியது!

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

பில்லுக்காகத்தான், தோழர்களே. மின்துறையின் செலவில் மிகப் பெரிய பங்கு மின்கொள்முதல். அனல் மின் நிலையத்துக்கு இரண்டு வகையில் பணம் கட்டுகிறோம். ஒன்று, நிலையத்தின் திறனை நமக்காக ஒதுக்கி வைத்திருப்பதற்கான நிலைக் கட்டணம். இன்னொன்று, எடுத்த யூனிட்டுக்கான எரிபொருள் செலவு. நிலையம் தயாராக இருந்து நாம் கரண்ட் எடுக்காம விட்டாலும் முதல் கட்டணத்தைக் கட்டியே ஆகணும். நிலக்கரி விலை ஏறினால் இரண்டாவது ஏறும். அந்த ஏற்றம் எரிபொருள், மின்கொள்முதல் சரிக்கட்டுக் கட்டணம் என்ற பெயரில் நம்ம பில்லுல வந்து உட்காரும்.

எந்த நிலையத்தில் எத்தனை யூனிட், என்ன விலைக்கு வாங்கினாங்க என்று தெரியாமல் "பில் ஏறிப்போச்சு" என்று நாம கத்தினா, "செலவு ஏறிப்போச்சு" என்று பதில் வரும். அத்தோட பேச்சு முடிஞ்சுது. கணக்கு கையில இருந்தாத்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

சட்டம் நம் பக்கம் இருக்கு

மின்சாரச் சட்டம் 2003-ன் பிரிவு 74, மின் உற்பத்தி நிறுவனங்களும், உரிமம் பெற்றவர்களும், சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் தயாரிப்பவர்களும் மத்திய மின்சார ஆணையத்துக்குப் புள்ளிவிவரம் தரவேண்டும் என்கிறது. பிரிவு 73, அந்தத் தரவைத் திரட்டுவதும், அவ்வப்போது மக்களுக்கு வெளியிடுவதும் ஆணையத்தின் பணி என்கிறது. அதனால்தான் எந்த நிலையம் நேற்று எவ்வளவு உற்பத்தி செய்தது, எந்த அலகு ஏன் நின்றது, எங்கே எத்தனை நாள் நிலக்கரி இருக்கிறது என்பதெல்லாம் தினசரி அறிக்கையாக வருகிறது. நம்ம காரைக்கால் நிலையமும் அந்தப் பட்டியலில் இருக்கு.

படிப்பது கஷ்டமில்லை. ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1000 யூனிட். காரைக்காலின் 32.5 மெகாவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 7,80,000 யூனிட். ஒரு நாள் கணக்கில் அதில் பாதிதான் வந்திருந்தால், நிலையம் பாதித் திறனில்தான் ஓடியிருக்கிறது. ஏன்? எரிவாயு வரலையா? மெஷின் பழுதா? அந்தப் பாதியை ஈடுகட்ட எங்கே, என்ன விலைக்கு வாங்கினாங்க? ஒரே ஒரு எண்ணிலிருந்து எத்தனை கேள்வி பாருங்க!

2021 அக்டோபரை நினைச்சுப் பாருங்க. நாட்டின் அனல் மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பு சராசரியாக நான்கு நாளுக்கு இறங்கியது. தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்றது ஒன்றிய அரசு. ஆனா இருப்பைக் காட்டிக்கொடுத்தது அரசின் சொந்த ஆணையம் வெளியிட்ட தினசரி அறிக்கைதான். பொதுத் தரவின் பலம் இதுதான்.

சட்டம் இல்லாமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. உலக வள நிறுவனம் என்ற அமைப்பு 167 நாடுகளின் சுமார் 35,000 மின் நிலையங்களை ஒரே தரவுத்தளத்தில் திரட்டி யாரும் இலவசமாக எடுக்கும்படி கொடுத்தது. அருமையான வேலை. ஆனா 2022 தொடக்கத்திலிருந்து அதைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. யாருக்கும் கடமை இல்லாத தரவு, ஒருநாள் நின்றுவிடும்.

அப்ப நம்ம ஊர்ல என்ன குறை?

நிலையம் வாரியாக நாம் எவ்வளவு வாங்குகிறோம், என்ன விலை என்ற விவரம், கட்டணத்தை நிர்ணயிக்கும் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மின்துறை தரும் மனுவில் இருக்கு. ஆணையத்தின் அலுவலகம் குருகிராமில். மனு ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கம். 1965-லேயே அலுவல் மொழிச் சட்டத்தில் தமிழுக்கு இடம் தந்த ஊர் இது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும் குடும்பத் தலைவி அந்த ஆங்கில மனுவைப் படிச்சுட்டு வந்துதான் பேசணுமா?

மின்துறை அரசிடம் இருப்பதாலேயே கணக்கு வெளிச்சத்துக்கு வந்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்கிறோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்வி பொருந்தும், நமக்கும் சேர்த்து.

ஆனா தனியாரிடம் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகம் தனியார்மயம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஜூலையில் நம் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதையும் மீறி 2022 செப்டம்பரில் டெண்டர் வந்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், அக்டோபர் முதல் நாள் ஊர் இருண்டதும் யாரும் மறக்கல.

டெல்லியைப் பாருங்க. 2002-ல் மின்விநியோகம் தனியார் கைக்குப் போனது. 49 சதவீதப் பங்கு அரசிடமே இருந்தது. ஆனாலும், அந்த நிறுவனங்களின் கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும் என்று டெல்லி அரசு போட்ட உத்தரவை 2015 அக்டோபர் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிப் பங்கு வைத்திருந்தும் கணக்கைத் திறக்க முடியல! நூறு சதவீதமும் போனால் நாம எங்கே போய்க் கேட்பது?

நாம் கேட்பது நான்கு:

1. ஒவ்வொரு மாதமும், எந்த நிலையத்தில் எத்தனை யூனிட், நிலைக் கட்டணம் எவ்வளவு, யூனிட் விலை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில், தமிழில் மின்துறை வெளியிட வேண்டும். மாஹேக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் வேண்டும்.

2. காரைக்கால் நிலையம் நின்ற நாட்கள், காரணம், அதனால் வெளியில் வாங்கிய செலவு எல்லாம் தெரிய வேண்டும்.

3. கட்டண மனுவின் தமிழ்ச் சுருக்கம், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே மக்கள் கையில் கிடைக்க வேண்டும்.

4. மின்துறை பொதுத்துறையாகவே நீடிக்க வேண்டும். தகவல் உரிமையும் அரசுத் தணிக்கையும் ஒருநாளும் விலக்கப்படக் கூடாது.

இதுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 4, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடலைன்னா நாம மனு போடுவோம். 30 நாளுக்குள் பதில் தரணும்.

தோழர்களே, இந்த மாத பில்லை எடுத்துப் பாருங்க. சரிக்கட்டுக் கட்டணம் என்று எவ்வளவு போட்டிருக்கு என்று கமெண்ட்டில் எழுதுங்க. நுகர்வோர் எண்ணை மட்டும் போடாதீங்க. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அந்த எண்களோடு போவோம்.

காசு நம்முடையது. கணக்கும் நம்முடையதே!

பகிருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

#மின்துறை_மக்கள்_சொத்து #கணக்கைக்_காட்டு #புதுச்சேரி