தேர்ந்தெடுத்தவர் யார்?

"தரவுகளின் அடிப்படையில் கல்லூரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன." அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்குச் செல்லும் அறக்கட்டளை நிதியைப் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்கில் பேசிய நண்பர் ஒருவர் இத்தொடரை மீண்டும் மீண்டும் சொன்னார். மொழியியல் படித்தவளுக்குச் செயப்பாட்டு வினையைக் கேட்டதும் எழுவாயைத் தேடத் தோன்றும். தேர்ந்தெடுத்தவர் யார்? எதை எண்ணித் தேர்ந்தெடுத்தார்?

லுமினா அறக்கட்டளை 2004-இல் தொடங்கிய 'அச்சீவிங் தி ட்ரீம்' திட்டம், கல்லூரிகள் தம் மாணவர் தரவுகளைத் திரட்டி ஆராய வேண்டும் என்பதையே மையமாகக் கொண்டது. 2011 முதல் வழங்கப்படும் ஆஸ்பென் பரிசு பத்து லட்சம் டாலர் மதிப்புடையது. ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகளை நூற்றைம்பதாகக் குறைத்த முதல் சல்லடை எண்களால் ஆனது. மெக்கென்சி ஸ்காட் 2020-இல் விண்ணப்பமே கேட்காமல் 384 அமைப்புகளுக்கு நானூறு கோடி டாலருக்கு மேல் அளித்தார். நிபந்தனையற்ற கொடை என்ற வகையில் அது போற்றத்தக்கதே. ஆயினும் பட்டியலில் இடம்பெறாத கல்லூரி, தான் ஏன் விடுபட்டோம் என்று கேட்பதற்கு ஒரு கதவுகூட இல்லை.

தரவு நடுநிலையானது என்பார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் பட்டம்பெறும் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். முதன்முறையாக, முழுநேரமாக, பட்டமோ சான்றிதழோ பெறும் நோக்கத்துடன் சேர்ந்தவர்களை மட்டுமே அது கணக்கிடுகிறது. ஈராண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தாரா என்று பார்க்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவரில் பெரும்பான்மையோர் பகுதிநேரத்தவர் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். பகுதிநேரத்தவரையும் உள்ளடக்கிய அளவீடு பல்லாண்டுகள் கழித்தே வந்தது. பட்டம் நாடாதவரை அதுவும் எண்ணுவதில்லை.

என் கவலை இங்கேதான். பகலில் உணவகத்தில் உழைத்துவிட்டு, இரவில் ஆங்கில வகுப்புக்கு வரும் குடியேறிய பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் தன் நோயைத் தானே சொல்லும் அளவுக்கு மொழி வசப்பட்டதும் வகுப்பிலிருந்து விலகிவிடுகிறாள். அவளுக்கு அது வெற்றி. பட்டம்பெறும் விகிதத்திலோ அவள் இல்லவே இல்லை. அத்தகையோருக்கே தன் ஆசிரியரையும் நேரத்தையும் செலவிடும் கல்லூரி, விகிதங்களை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு எளியதாகவே தெரியும். தரவைத் தொகுத்து அழகாக அளிக்கத் தனி அலுவலகமும் ஊழியரும் வேண்டும். வசதியுள்ள கல்லூரியிடமே அவை உண்டு. வசதியே தகுதியாக உருமாறும் வழி இதுதான்.

"பணம் வீணாகக் கூடாதல்லவா?" என்று நண்பர் கேட்டார். கூடாதுதான். அப்படியானால் அளவுகோல்களையும் விடுபட்டதற்கான காரணங்களையும் வெளியிடட்டும். எண்ணுவதற்கு ஆளில்லாத சிறிய கல்லூரிக்கு முதலில் அந்த ஆளை அமர்த்தப் பணம் கொடுக்கட்டும்.

இது நமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு வழிவகுத்தது. கொடையாளர்களின் படிவங்கள் நம் கல்லூரி முதல்வர்களின் மேசைகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

நண்பர் தம் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஒரு தொடரையாவது செய்வினையில் திருத்தி எழுத வேண்டுகிறேன்.